தலையை எண்ணுங்கள், பிறகு பதிவேட்டைத் திறங்கள்: தனியார் போதை மறுவாழ்வு மைய ஆய்வுக்கு முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் தனியார் சிறை என்று சட்டப்படி ஒன்று கிடையாது. ஆனால் தனியார் ஒருவர் ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டுப் போடும் இடம் கொங்கு நாட்டில் உண்டு. அதன் பெயர் போதை மறுவாழ்வு மையம். தறி நின்றுபோன ஷெட், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு தோட்டத்துச் சாளை, பைபாஸ் ஓரம் வாடகைக்கு எடுத்த மாடி வீடு என்று எங்கும் இருக்கும். ஒழுங்காக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஒழுங்கில்லாத இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்பதே இந்தக் கட்டுரை. ஆய்வுக்குப் போகும் அலுவலர், உடன் போகும் சட்டத் தன்னார்வலர், ஊராட்சித் தலைவர், உள்ளே ஆளை விட்டுவிட்டுத் தூக்கம் வராமல் இருக்கும் குடும்பம் என்று எல்லோருக்கும் பயன்படும்.

பெரும்பாலான ஆய்வுகள் ஆபீஸ் ரூமிலேயே முடிந்துவிடுகின்றன. டீ வரும், ஃபைல் வரும், சான்றிதழ் நகல் வரும். இரண்டாவது கதவு திறப்பதே இல்லை. அதனால்தான் தலைப்பில் அந்த வரிசை: முதலில் தலை, அப்புறம் தாள்.

எந்தச் சட்டம், யார் பொறுப்பு

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதில் மனநோய் என்பதற்கான வரையறையிலேயே குடியும் போதைப்பொருளும் உண்டாக்கும் மனநிலைப் பாதிப்புகள் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை என்று சொல்லி ஆளைத் தங்கவைக்கும் இடம், வாசலில் ஆசிரமம் என்று போர்டு மாட்டினாலும் யோகா மையம் என்று மாட்டினாலும், 65-வது பிரிவின்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். டிரஸ்ட் பத்திரம், ஜி.எஸ்.டி. எண், சிறுதொழில் பதிவுக்குத் தரும் உத்யம் சான்றிதழ் எதுவும் இதற்கு ஈடாகாது. கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருப்பதில் பாதி இந்த வகைதான்.

கூடவே 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி, மாவட்ட இணை இயக்குநர் நலப்பணிகள் அலுவலகத்தில் பதிவு வேண்டும். சமையல் நடந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஊசி போட்டால் மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவையும் வேண்டும்.

பலரும் ஏமாறும் இடம் தற்காலிகப் பதிவு. 66-வது பிரிவின்படி விண்ணப்பித்த 10 நாளில் அதைக் கொடுத்துவிடுவார்கள். கொடுப்பதற்குமுன் விசாரணை நடத்தவேண்டிய கட்டாயம் ஆணையத்துக்கு இல்லை. அதன் ஆயுள் 12 மாதம். “அரசு அங்கீகாரம் பெற்றது” என்று போர்டில் இருப்பது பெரும்பாலும், யாரும் வந்து பார்க்காமலே கிடைத்த இந்தத் தாளாக இருக்கும். தேதியைப் பாருங்கள். முகவரியை அதைவிடக் கவனமாகப் பாருங்கள். பதிவு டவுனில் இருக்கும் கட்டடத்துக்கு, ஆட்கள் இருப்பது 20 கிலோமீட்டர் தள்ளி “பிராஞ்ச்” என்று சொல்லப்படும் தோட்டத்தில் என்றால், அந்தத் தோட்டம் பதிவில்லாத இடம்தான்.

போகுமுன் கையில் இருக்கவேண்டியவை

ஆணையத்துக்குத் தானாகவோ, யாராவது கொடுத்த புகாரின் பேரிலோ ஆய்வுக்கு உத்தரவிட 68-வது பிரிவு அதிகாரம் தருகிறது. யாராவது என்றால் உண்மையிலேயே யாரும்தான். உறவினராக இருக்கத் தேவையில்லை. பதிவில்லாமல் நடப்பதாகச் சந்தேகம் இருந்தால் உள்ளே நுழைந்து சோதனையிடவும் அதே பிரிவில் வழி உண்டு. நோயாளியின் உரிமை மீறப்படுவதாகத் தெரிந்தால் மாவட்ட அளவிலான மனநல சீராய்வு மன்றம் 82-வது பிரிவின்படி தானே ஆய்வு நடத்தலாம்.

குழுவில் மனநல மருத்துவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தில் இருப்பவர் போதும். அவரோடு வருவாய்த் துறையிலிருந்து ஒருவர், சுகாதார ஆய்வாளர், மருந்து ஆய்வாளர், உணவுப் பாதுகாப்பு அலுவலர், காவலர். உள்ளே பெண்கள் இருப்பதாகத் தெரிந்தால் பெண் காவலர். மருந்து ஆய்வாளரை விட்டுவிட்டுப் போகும் குழுக்கள் அதிகம். கீழே சொல்லப்போகும் கணக்கில் பாதி அவர் இல்லாமல் தேறாது.

நேரம் முக்கியம். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை வாரச் சம்பளம். சனி, ஞாயிறு குடி. ஞாயிறு இரவோ திங்களோ வீட்டார் போன் போட்டு வண்டி வரவழைக்கிறார்கள். புதிதாக வந்தவர்களைப் பார்க்கவேண்டுமானால் செவ்வாய் காலை 6:30-க்குப் போங்கள். எல்லோரும் உள்ளே இருப்பார்கள், டிபன் தட்டு வரிசையாக இருக்கும், இரவு ஆட்கள் கிளம்பியிருக்க மாட்டார்கள். பதினொரு மணிக்குப் போனால் தரை துடைத்து, ஊதுபத்தி ஏற்றி வைத்திருப்பார்கள்.

ஐந்து எண்கள்

உள்ளே போனதும் உட்காராதீர்கள். “மேனேஜர் வந்துருவாருங்க, பத்து நிமிசம்” என்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் பின்பக்கக் கதவு வழியே ஆட்கள் தோட்டத்துக்குள் போவார்கள். ஒருவர் பின்வாசலில் நிற்கட்டும். மற்றவர்கள் கடைசி அறையிலிருந்து தொடங்கி முன்வாசல் நோக்கி எண்ணிக்கொண்டே வரட்டும். மொட்டை மாடி ஷெட், மாட்டுக் கொட்டகை, மோட்டார் ரூம், “அது ஸ்டோர் ரூமுங்க சார்” என்று சொல்லப்படும் அறை எல்லாம் கணக்கில் சேரும். சாவி இல்லை என்றால் பூட்டின கதவின் மேல் காதை வைத்துப் பாருங்கள்.

அதன்பின் ஐந்து எண்களை ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள்: தலை, பதிவேடு, கட்டில், அரிசி, மாத்திரை.

தலை 36, பதிவேட்டில் 18, பதிவுச் சான்றிதழில் 15 படுக்கை என்றால் அந்த இடத்திலேயே கதை பாதி முடிந்தது. வழக்கமாக இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. “நேத்து பதினெட்டுப் பேர் டிஸ்சார்ஜ், இன்னிக்குத்தான் புதுசா வந்தாங்க” என்பார்கள். அதற்குத்தான் அரிசி. மூன்று வேளைக்கும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 350 கிராம் அரிசி என்று வையுங்கள். 18 பேருக்கு 6.3 கிலோ, 25 கிலோ சிப்பம் ஒன்று நாலு நாள் வரும், மாதத்துக்கு ஏழெட்டுச் சிப்பம். கடைக்காரர் பில்லில் மாதம் 15 சிப்பம் இருந்தால் அது 35 பேர் சாப்பிட்ட அரிசி. இது நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சியம் இல்லை. எந்தப் பதிவேட்டைத் தோண்டவேண்டும் என்று காட்டும் கைகாட்டி, அவ்வளவுதான்.

மாத்திரையில் கணக்கு இன்னும் துல்லியம். டயாஸிபாம், அல்பிரசோலம் போன்றவை கட்டுப்பாட்டுப் பட்டியல் மருந்துகள். வாங்கிய பில், கையிருப்பு, ஆளுக்கு எழுதின சீட்டு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வாங்கியது கூடுதலாகவும் எழுதியது குறைவாகவும் இருந்தால், சத்தம் போடுபவர்களைத் தூங்கவைக்க யாரோ கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். தலைக்கணக்குக்கு வாங்கியதே மிகக் குறைவு என்றால் அதைவிட மோசம். குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்குத் தருவதும் டயாஸிபாம் வகை மருந்துதான்; அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்துவருகிறது.

முதல் நான்கு நாள்: இங்கேதான் சாவு

பல வருடம் தினமும் குடித்தவருக்குக் குடியைத் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள்வரை சிலருக்கு நினைவு தடுமாறும். இல்லாததைப் பார்த்துப் பேசுவார்கள், காய்ச்சல் வரும், நாடித்துடிப்பு எகிறும். இந்தக் கட்டத்தில் சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். அந்த நேரத்தில் கத்துவதையும் ஓடப்பார்ப்பதையும் திமிர் என்று நினைத்துக் கையைக் கட்டி, தனியறையில் பூட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சாவுக்கு ஹார்ட் அட்டாக் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

ஆகவே ஆய்வில் முதலில் பார்க்கவேண்டியது கடந்த நான்கு நாளில் வந்தவர்களை. ஒவ்வொருவருக்கும் இவற்றைக் கேளுங்கள்:

- கடைசியாக எப்போது குடித்தார் என்று மணியோடு எழுதியிருக்கிறதா? இது தெரியாமல் மருந்தளவு போட முடியாது.
- நாடி, ரத்த அழுத்தம், வெப்பம் எத்தனை மணிக்கொருமுறை எழுதப்பட்டுள்ளன? முதல் மூன்று நாள் இரவிலும் எழுதியிருக்க வேண்டும்.
- குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்குமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்களா? சத்துக் குறைந்த குடிநோயாளிக்குத் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையில் மீளாத பாதிப்பு வரலாம். பிரிட்ஜில் பாட்டில் இருக்கும், தயமின் இருக்காது. அடிக்கடி காணும் கோளாறு இது.
- கல்லீரல் பரிசோதனை செய்தார்களா? நடுக்கத்துக்கு என்ன மருந்து தருவது என்பது அதைப் பொறுத்து மாறும்.
- இரவு வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனை, எந்த வண்டி? “108-க்குப் போன் பண்ணுவோம்” என்றால், அந்தத் தோட்டத்துக்கு வழி சொல்லத் தெரிந்தவர் இரவில் யார் என்று கேளுங்கள்.

நாடி, ரத்த அழுத்தம் எழுதும் அந்தத் தாளில் ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் பாருங்கள். ஒன்பது நாளும் ரத்த அழுத்தம் 120/80. பக்கத்துக் கட்டில்காரருக்கும் 120/80. ஒரே நீல மை, ஒரே சாய்வு, ‘8’ போடும் சுழியும் ஒன்று. அது அளந்து எழுதியதல்ல, நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்தபின் உட்கார்ந்து எழுதியது. ரத்த அழுத்தக் கருவியைக் கேட்டு வாங்கி அவர்களையே அளக்கச் சொல்லுங்கள். பேட்டரி பச்சை பூத்திருந்தால் வேறு கேள்வி வேண்டாம்.

குடியை வெறுக்கவைக்கும் டைசல்பிராம் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து தெரியாமல் கொடுக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். வீட்டாருக்குப் பொடியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பும் வழக்கமும் உண்டு. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எடுப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது.

ஆள் எப்படி உள்ளே வந்தார்

அவர்கள் எடுத்துக் கொடுக்கும் ஃபைலை வாங்காதீர்கள். நீங்களே ஐந்து கட்டிலைக் காட்டி, அந்த ஐந்து பேரின் ஃபைலைக் கேளுங்கள். சட்டப்படி வயதுவந்தவர் உள்ளே வர வழக்கமான வழி இரண்டு.

தானாக வந்தவர் என்றால் 86-வது பிரிவு. அவர் போகிறேன் என்றால் அனுப்பிவிட வேண்டும். ஆதரவுச் சேர்க்கை (அடுத்துவரும் 89-வது பிரிவின்படி குடும்பம் சேர்ப்பது) தேவைப்படுமா என்று பரிசோதிக்க அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம், அதற்குமேல் இல்லை. “தானாக வந்தவர்” என்று எழுதிய ஆளின் அறைக்கு வெளிப்பூட்டு எதற்கு என்ற ஒரு கேள்விக்கே பல மையங்களில் பதில் கிடையாது. கையெழுத்துத் தேதியையும் மணியையும் பாருங்கள். இரவு 11 மணிக்குப் போதையில் தூக்கிவந்தவரின் கையெழுத்து சம்மதம் ஆகாது.

குடும்பம் சேர்த்தது என்றால் 89-வது பிரிவு. நோயாளி சார்பில் முடிவெடுக்க உதவும் நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாக, சேர்க்கும் அன்றோ அதற்கு முந்தைய 7 நாளுக்குள்ளோ பரிசோதித்திருக்க வேண்டும். ஆணைச் சேர்த்தால் 7 நாளுக்குள்ளும், பெண்ணையோ சிறுவரையோ சேர்த்தால் 3 நாளுக்குள்ளும் சீராய்வு மன்றத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்ததற்கு அத்தாட்சி கேளுங்கள். கடித நகல் போதாது, அனுப்பியதற்கு ரசீதோ மின்னஞ்சலோ வேண்டும். எந்த மருத்துவரும் பார்க்காமல் நாலு பேர் வண்டியில் வந்து வீட்டுத் திண்ணையிலிருந்து ஆளைத் தூக்கிப்போவது இந்தப் பிரிவுக்குள் எங்கும் அடங்காது. மனைவி கையெழுத்துப் போட்டிருந்தாலும் அடங்காது.

89-வது பிரிவின் வரம்பு 30 நாள். அதற்குமேல் வைக்க வேண்டுமானால் 90-வது பிரிவின்படி இரண்டு மனநல மருத்துவர்கள் பார்த்து, மன்றம் அனுமதிக்க வேண்டும். ஆகவே விருப்பமில்லாத ஒருவருக்கு முதல் நாளே “90 நாள் பேக்கேஜ்” என்று பணம் வாங்கிய ரசீது கிடைத்தால், அதை நகல் எடுத்து அறிக்கையில் முதல் இணைப்பாக வையுங்கள்.

தனியே பேசுதல்

ஊழியர் காதுக்கு எட்டாத இடம், மரத்தடி போதும். “இங்க நல்லா பாத்துக்கறாங்களா?” என்று கேட்டால் “நல்லா இருக்குதுங்க” என்றுதான் பதில் வரும். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, வீட்டுக்குக் கடைசியா எப்பப் பேசுனீங்க, பேசும்போது பக்கத்துல யாரு நின்னாங்க, டாக்டர் பேரு என்ன, தப்பு செஞ்சா என்ன பண்ணுவாங்க என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு மூன்று பேர் ஒரே பதில் சொன்னால் அது நடைமுறை. மணிக்கட்டு, கணுக்கால், முதுகு, உள்ளங்கால் ஆகியவற்றை மருத்துவர் பார்க்கட்டும்.

சங்கிலி எந்த வடிவிலும் கூடாது, 95-வது பிரிவு. தனிமைச் சிறை கூடாது, 97. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் கட்டுப்படுத்தலாம்; அதையும் எழுதிவைத்து, 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறையும் தண்டனையும் காரணமாகாது. மொட்டை அடிப்பதும், சீருடை மாட்டச்சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் 20-வது பிரிவில் தடை. “வேலைச் சிகிச்சை” என்ற பெயரில் தோட்டத்தில் களை எடுக்கவோ, தேங்காய் உரிக்கவோ, பனியன் மடிக்கவோ விட்டால், விருப்பப்பட்டுச் செய்கிறாரா, கூலி யார் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். போன் பேசுவதும் வருபவரைப் பார்ப்பதும் 26-வது பிரிவு தரும் உரிமை; நல்ல நடத்தைக்குப் பரிசு அல்ல.

கட்டடம், தண்ணீர், கிச்சன்

சுகாதார ஆய்வாளருக்குப் பழகின வேலைதான். தொட்டித் தண்ணீரைக் குளோரோஸ்கோப்பில் பாருங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குடிப்பது ஆற்றுத் தண்ணியா, உப்பு போர் தண்ணியா? ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தறி ஷெட்டில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை; குடி நிறுத்தி வியர்த்துக்கொண்டிருப்பவருக்கு நீர் வற்றிவிடும். கிச்சனில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் இருந்தால் எழுதுங்கள். அங்கே இருக்கவேண்டியது 19 கிலோ வணிக சிலிண்டர்.

கைவிரல் இடுக்கைப் பாருங்கள். நெருக்கிப் படுக்கவைத்த இடத்தின் முதல் அடையாளம் சொறி. அரிப்பவருக்கு மட்டும் களிம்பு தந்தால் போகாது. அறையில் எல்லோருக்கும் ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே பெர்மெத்ரின் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூசி, துணி போர்வையை வெந்நீரில் போட வேண்டும். இரண்டு வாரத்துக்குமேல் இருமுபவருக்குச் சளிப் பரிசோதனை.

பூட்டு கடைசியில். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். ஆகவே இரவு ஊழியரைக் கூப்பிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, எல்லாக் கதவையும் திறக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். சாவிக்கொத்தில் தேடினால், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். சாவி வெளியூரில் மேனேஜரிடம் என்றால் அதையும் எழுதுங்கள்.

அறிக்கையும் நடவடிக்கையும்

ஐந்து எண்கள் உள்ள தாள் முதல் பக்கம். படங்களில் நோயாளி முகம் வேண்டாம். பதிவில்லாமல் நடத்தினால் 107-வது பிரிவில் முதல்முறை அபராதம் ₹5,000 முதல் ₹50,000 வரை, இரண்டாம் முறை ₹2 லட்சம் வரை, அதன்பின் ₹5 லட்சம் வரை. முதல் அபராதம் இரண்டு மூன்று பேரிடம் வாங்கும் கட்டணத்தில் அடைந்துவிடும். அதோடு விட்டால் அடுத்த மாதம் வேறு பெயரில் போர்டு மாறும். ஆணையமோ மன்றமோ இட்ட உத்தரவை மீறினால் ₹5 லட்சம் வரை அபராதமும் பதிவு ரத்தும் 82-வது பிரிவில் இருக்கின்றன. ஆகவே அறிக்கையில் எந்தக் குறையை எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று உத்தரவாகக் கேளுங்கள். சட்டவிரோதமாக அடைத்துவைத்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா 127-வது பிரிவு தனியே இருக்கிறது.

குடும்பத்தாருக்கு

ஆய்வு வரும்வரை காத்திருக்க வேண்டாம். சீராய்வு மன்றத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. ஆதரவுச் சேர்க்கையை எதிர்க்கும் மனுவை மன்றம் 7 நாளில் முடிக்க வேண்டும். எழுத உதவிக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு, போன் 15100. தகவல் உரிமை மனுவில் “உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டது” என்று காரணத்தோடு எழுதினால் 30 நாள் அல்ல, 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். மையத்தின் பதிவு எண்ணையும் முகவரியையும் அப்படிக் கேளுங்கள். ஆளைப் பார்க்கவே விடவில்லை என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 100-வது பிரிவின்கீழ், அடைத்துவைக்கப்பட்டவரைத் தேடி மீட்க வருவாய்க் கோட்டாட்சியரிடமோ (ஆர்.டி.ஓ.) குற்றவியல் நடுவரிடமோ மனு கொடுக்கலாம். ஆட்கொணர்வு மனு கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலத்துக்காரர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம். கரூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை.

இன்னும் சேர்க்கவில்லை, இடம்தான் தேடுகிறீர்கள் என்றால், முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14446 தேசிய போதை மீட்பு உதவி எண், 14416 மனநல ஆலோசனை எண், இரண்டுக்கும் காசில்லை.

மூடும் நாளில்

இதை யாரும் திட்டமிடுவதில்லை. மாலை ஆறு மணிக்குச் சீல் வைத்து 36 பேரை ரோட்டில் விட்டால், அதில் இரண்டாம் நாள் நடுக்கத்தில் இருப்பவர் பஸ் ஸ்டாண்டில் விழுவார். மற்றவர் நேரே கடைக்குப் போவார். மூடுவதைக் காலையில் வையுங்கள். முதல் நான்கு நாளில் இருப்பவர்கள், வலிப்பு வந்தவர்கள், மனக்குழப்பம் உள்ளவர்கள் ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்கு. ஒவ்வொருவர் கையிலும் என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசி வேளை எப்போது என்று எழுதின சீட்டு. தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். வீட்டாரை வரச்சொல்லி, போக விரும்பும் இடத்தை ஆளிடமே கேட்டு அனுப்புங்கள். ஆபீஸ் ரூம் பீரோவைத் திறந்து செல்போன், ஆதார், ஏ.டி.எம். கார்டு, வண்டிச் சாவி, மோதிரம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரவரிடம் கொடுத்தபின் சீல் வையுங்கள்.